காட்டு வழியில் ஓர் உழவாரம்

கதிர்காமத்து ஆடித் திருவிழா நெருங்கும் நாட்களில், கிழக்கிலங்கையின் தென்கோடியிலுள்ள உகந்தை முருகன் ஆலய முன்றிலில் அடியார் கூட்டம் நிறைந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வாரக்கணக்காக நடந்து வந்தோர், திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளில் வழியிலே சேர்ந்துகொண்டோர், மலைநாட்டிலிருந்து பஸ்ஸேறி வந்தோர் எனப் பல திறத்தாரும் அங்கே ஒன்றுகூடுவர். காட்டு வழி திறந்துவிடப்படும் காலை வேளையில், "அரோகரா" என்னும் ஒலி வானளாவ எழ, அக்கூட்டம் குமண வனத்தினுள் நுழையும். அதன் பின்னர் பல நாள் நடை. இடையிலே ஊரில்லை, வீதி விளக்கில்லை. மேலே வானமும் இருபுறமும் காடுமே துணை.

இவ்வழியைக் குறித்து உயர்வகுப்பு மாணவர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதமே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. "காட்டையும் காட்டு விலங்குகளையும் காப்பது அரசாங்கத்தின் கடமை, கற்றறிந்த ஆராய்ச்சியாளரின் தொழில் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என் போன்ற ஒரு மாணவன் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?" என்பது அவர் கேள்வி. உண்டு என்பதே நமது விடை. அவ்விடைக்குரிய கருவியும் தமிழருக்குப் புதியதன்று. அதன் பெயர் உழவாரம்.

ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தை நம் கோயில்களிலே கண்டிருப்பீர்கள். தோளிலே ஒரு நீண்ட கோலும் அதன் நுனியில் அகன்ற இரும்புத் தகடுமாக விளங்கும் கருவியே உழவாரப்படை. கோயில் வீதியிலும் முற்றத்திலும் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி, அடியார் நடக்கும் வழியைச் சீர்செய்வதற்கு அவர் அதனைக் கைக்கொண்டார். தமிழகம் முழுவதும் போற்றிய பெரும் புலவர் அவர். எனினும் அவர் தமக்கென வரித்துக்கொண்ட பணி, புதிதாய் ஒன்றைக் கட்டுவதன்று, வேண்டாததை அகற்றுவது. இன்று செதுக்கிய புல் மறுமாதம் மீண்டும் முளைக்கும். மீண்டும் செதுக்கவேண்டும். புகழும் முடிவும் இல்லாத அப்பணியையே நம் முன்னோர் தொண்டு என்றனர். காட்டு வழியைப் பேணுதலும் இத்தகைய தொண்டே என்பதைச் சிறிது விளக்குவோம்.

முதலில் அவ்வழி செல்லும் காடு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். குமண 1938ஆம் ஆண்டிலே பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1970இல் கிழக்கு யால என்னும் பெயரால் தேசிய வனமாகி, 2006இல் குமண என்னும் பெயரைப் பெற்றது. 2010இல் இங்குள்ள நீர்நிலைத் தொகுதி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான றம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வைகாசி, ஆனி மாதங்களில் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் குமண வில்லிலே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கும்புக்கன் ஆற்றைக் கடந்தால் யால வனம். நம் யாத்திரிகர் வழங்கும் பெயரில் வியாழை. யானை, சிறுத்தை, கரடி, எருமை, மான், மரை யாவும் வாழும் இடம் அது. ஆனி மாதத்திலே பாலைமரங்கள் பழுத்து நிற்க, கரடிகள் அப்பழத்தை நாடி வருவதை அவ்விடத்தார் நன்கறிவர்.

இவ்வனத்திலே பெருமழை பெய்வது ஐப்பசி முதல் தை வரையுள்ள காலத்தில். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிலோ குளங்கள் வற்றி, ஆறு மணலாகி, நீர் எஞ்சியிருக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கனவாகிவிடும். பல்லாயிரவர் காட்டினூடு நடப்பதும் அதே மாதங்களிலேயே. யாத்திரிகர் இளைப்பாற நாடும் நீர்நிலையும், பகலெல்லாம் தாகத்தோடு காத்திருந்த மானும் யானையும் மாலையில் நாடும் நீர்நிலையும் ஒன்றே. மனிதர் நீர்க்கரையிலே கூடாரமடித்து இரவு முழுவதும் ஆரவாரித்தால், விலங்குகள் தாகத்தோடு திரும்பிப் போகும். ஒரு நாள் போகலாம்; இரண்டு நாள் போகலாம். கன்றையுடைய யானைக்கும் குட்டியையுடைய மானுக்கும் அதற்கு மேலும் பொறுக்க முடியுமா? நீரை அள்ளிக்கொண்டு சற்று விலகித் தங்குவதும், சவர்க்காரத்தை ஆற்றிலே கரைக்காதிருப்பதும் அற்பமான செயல்களாய்த் தோன்றலாம். அக்காட்டிலோ அவை உயிர்ப்பிச்சையாகும்.

அடுத்தது பொலித்தீன். பிஸ்கற் சுற்றிவந்த தாளிலும், சோறு பொதிந்த பையிலும் உப்பின் மணமும் எண்ணெயின் மணமும் ஒட்டியிருக்கும். விலங்கு அம்மணத்தை அறியுமேயன்றி, தாளையும் உணவையும் வேறு பிரித்தறிய அதற்கு வழியில்லை. விழுங்கிய பொலித்தீன் செரிப்பதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. குடலை அடைத்துக்கொண்டு கிடக்கும். வயிறு நிறைந்திருக்கவே அவ்விலங்கு பட்டினியால் மெலிந்து மடியும். உகந்தை அமைந்துள்ள அதே அம்பாறை மாவட்டத்திலே, பள்ளக்காடு என்னுமிடத்துக் குப்பைமேட்டை நாடி வந்த யானைகளுள் ஏறத்தாழ இருபது, எட்டாண்டுக் காலத்தில் பிளாஸ்ரிக் கழிவை உண்டு இறந்தன என 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே செய்தி வெளியாயிற்று. இறந்த யானைகளின் வயிற்றிலே பொலித்தீனும், உணவு பொதிந்த உறைகளும் காணப்பட்டன. திருகோணமலை நகரிலே வீதியோரம் உலாவும் புள்ளிமான்கள் பொலித்தீனை மென்றுகொண்டு நிற்பதைக் கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர் பலரும் கண்டிருப்பர். ஊருக்குள் வந்த விலங்குக்கு நேர்ந்த இக்கதி, நாமே குப்பையைக் காட்டின் நடுவே கொண்டுபோய்ப் போட்டால் அங்குள்ள விலங்குக்கும் நேராதா?

நம் பாட்டன், பாட்டியர் நடந்த காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. அவர்கள் பனையோலைப் பெட்டியிலே அவலும் பொரிமாவும் கொண்டுசென்றனர், சுரைக்குடுவையிலே நீர் மொண்டனர், இலையிலே உண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற யாவும் ஒரு மழைக்குள் மண்ணாயின. அவர்கள் நம்மிலும் பெரிய காவலர் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் கையிலே அழியாத பொருள் இருக்கவில்லை. நம் கையிலே இருக்கின்றது. ஆதலால் அவர்கள் நினைக்கவேண்டியிராத ஒன்றை நாம் நினைத்தே ஆகவேண்டும். சோறு பொதியும் பொலித்தீன் தாள்கள் 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. ஆயினும் சட்டம் காட்டுக்குள் ஒவ்வொருவர் பின்னாலும் நடந்துவர இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கும்புக்கன் ஆற்றங்கரையிலே நாம் கண்ட காட்சி ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி, தோளிலே தம் துணி மூட்டையும் கையிலே ஒரு வெறுஞ் சாக்குமாக நடந்து வந்தார். மணலிலே கிடந்த உறைகளையும் போத்தல்களையும் குனிந்து குனிந்து எடுத்துச் சாக்கிலே போட்டார். உடன் வந்த இளைஞர் ஒருவர் இரங்கி, "ஏன் ஆச்சி உங்களுக்கு இந்த வேலை? போட்டவர்கள் எடுக்கட்டுமே" என்றார். கிழவி நிமிர்ந்து பார்த்து, "தம்பி, கோயில் வீதியிலே எச்சில் இலை கிடந்தால் மிதித்துக்கொண்டா போவாய்? இதுவும் அவனுடைய வீதிதானே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். இளைஞர் ஒன்றும் பேசவில்லை. சிறிது தூரம் சென்றதும் சாக்கைத் தாம் வாங்கிக்கொண்டார். அன்று மாலைக்குள் அக்குழுவிலே மூன்று சாக்குகள் நிறைந்துவிட்டன.

உழவாரம் என்னும் சொல்லை அம்மூதாட்டி சொல்லவில்லை, செய்து காட்டினார்.

இத்தொண்டு ஒருவர் இருவரின் நற்குணத்தோடு நின்றுவிடாமல், ஒழுங்கான ஏற்பாடாகவும் வளர்தல் கூடும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலே ஓர் உதாரணம் உண்டு. அந்நாட்டின் கீழ்ப்பாகத்திலே அப்பலாச்சியன் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அம்மலைமுகடுகளின் வழியே ஒரு நெடிய நடைபாதை அமைக்கவேண்டுமென்று பெண்டன் மக்காய் என்னும் வனவியலார் 1921ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை எழுதினார். அதனைப் படித்து ஆர்வங்கொண்ட ஆசிரியரும் வழக்கறிஞரும் எழுதுவினைஞரும் மாணாக்கரும் விடுமுறை நாட்களிலே கோடரியும் மண்வெட்டியும் ஏந்திக் காட்டுக்குள் புகுந்தனர். 1937இல் பாதை முற்றுப்பெற்றது. ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து மேய்ன் மாநிலம் வரை, பதினான்கு மாநிலங்களை ஊடறுத்து, ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளமுடையது அது.

"முற்றுப்பெற்றது" என்று எழுதினோம், அச்சொல் பொருந்தாது. மறு ஆண்டே, அதாவது 1938இல், ஒரு பெரும் புயல் வடபகுதியிலே எண்ணற்ற மரங்களை வீழ்த்திப் பாதையை மறித்தது. பின்னர் உலக மகாயுத்தம் வந்து ஆட்களைப் பிரித்துச் சென்றது. புதிய மோட்டார்ச் சாலைகள் சில பகுதிகளை விழுங்கின. 1951ஆம் ஆண்டிலேயே பாதை மீண்டும் தொடர்ச்சியாயிற்று. 1968இல் அந்நாட்டுச் சட்டசபை அதனைத் தேசியப் பாதையாக அங்கீகரித்த பின்னரும் பேணும் பணி பெரும்பாலும் தொண்டர் கையிலேயே இருந்து வருகின்றது. 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே ஹெலீன் என்னும் புயல் தென்பகுதியைத் தாக்கியபோது, வீழ்ந்த மரங்களை அறுத்தகற்ற மீண்டும் தொண்டர்களே திரண்டனர். நூறாண்டு கழிந்தும் அப்பணி முடியவில்லை, முடியவும் மாட்டாது.

அத்தொண்டரின் அமைப்பு முறை நாம் கருத்திற் கொள்ளத் தக்கது. முப்பதளவிலான கழகங்கள் பாதையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. கழகமோ தன் பங்கைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒருவர் அல்லது ஒரு குடும்பத்தார் பொறுப்பில் விடுகின்றது. அவர் ஆண்டிலே சில முறை தம் துண்டை நடந்து பார்ப்பார். வீழ்ந்த கிளையை அகற்றுவார்; வழிகாட்டும் வெண்ணிறக் குறி மங்கியிருந்தால் புதுப்பிப்பார்; குப்பையைப் பொறுக்குவார். எல்லாவற்றுக்கும் மேலாக, நீருக்கு வழிசெய்வார்.

நீருக்கும் பாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மலைச்சரிவிலே மழை பெய்தால், காலடி பட்டுத் தாழ்ந்த பாதையே நீருக்கு வாய்க்காலாகிவிடும். நீர் மண்ணை அரிக்கும், பாதை சேறாகும். சேற்றிலே கால்வைக்க மனமில்லாத வழிப்போக்கர் ஓரத்துப் புல்லிலே நடப்பர். நாளடைவில் புல் மடியும்; ஓரமும் சேறாகும்; பின்வருவோர் மேலும் விலகி நடப்பர். ஒரு முழ அகலமாயிருந்த பாதை இவ்வாறு பத்து முழ அகலமான புண்ணாகிவிடும். இதனைத் தடுக்கத் தொண்டர் செய்வது யாது? பாதைக்குக் குறுக்கே ஒரு மரத்துண்டையோ கல்வரிசையையோ சரிவாகப் பதித்து, நீரை ஓரமாய் வெளியேற்றுவர். அதன் வாயிலே தங்கும் சருகையும் வண்டலையும் மண்வெட்டியால் அடிக்கடி வழித்துவிடுவர். அவ்வளவே. ஒற்றையடிப் பாதை ஒற்றையடிப் பாதையாகவே இருக்குமாறு பார்த்துக்கொண்டால், அதன் இருபுறமும் உள்ள காடு தானே தன்னைக் காத்துக்கொள்ளும். மனிதருக்காகப் பாதையைப் பேணுவதாகவே முதலில் தோன்றும்; உண்மையிலே அது காட்டுக்காக மனிதரை ஒரு வரியிலே நடத்தும் உபாயமாகும்.

இவ்வுண்மை நம் மலைநாட்டுக்கும் பொருந்தும். 1988ஆம் ஆண்டு முதல் தேசிய வனமாயுள்ள ஹோட்டன் சமவெளியிலே, உலக முடிவு என வழங்கும் பெரும் பள்ளத்தாக்கைக் காண ஆண்டுதோறும் திரளானோர் நடக்கின்றனர். மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் முகில்வனமும் புல்வெளியும் அங்கே உள்ளன. வாயிலிலே பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளைக் களைந்த பின்னரே உள்ளே விடும் வழக்கம் அங்கு இருந்து வருகின்றது. அங்கே ஒருவர் பாதையை விட்டு விலகிப் புல்லை மிதித்தால், அது அம்மலையோடு முடிந்துவிடும் காரியமன்று. அம்மலையிலே பிறக்கும் நீரும் கலந்தே மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேர்கின்றது. மூதூர் உழவனுடைய வயலின் காவல், அவன் காணாத மலையுச்சியிலே நடப்பவரின் காலடியிலும் இருக்கின்றது.

கதிர்காமக் காட்டு வழியோ மலைவழியன்று, வறண்ட சமநிலம். அங்கே வேண்டிய உழவாரமும் வேறுவகைப்பட்டது. கடிதம் எழுதிய மாணவ நண்பருக்கும் அவரைப் போன்றோருக்கும் சிலவற்றைச் சொல்வோம்.

முதலாவது, தனித்துச் செல்லலாகாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய வனத்தினுள் நினைத்தவாறு நுழைவதும், வெட்டுவதும், தீமூட்டுவதும் குற்றமாகும். பாடசாலைச் சங்கமோ, ஆலயத் தொண்டர் சபையோ, ஊர் வாசிகசாலையோ ஒன்றுகூடித் திணைக்கள அதிகாரிகளிடம் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் இடத்திலே, அவர்கள் காட்டும் முறையிலே சிரமதானம் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, ஆர்வமும் அளவு கடக்கலாகாது. வழி செப்பனிடுகிறோம் என்று புதர்களை வெட்டி அகலமாக்குதல், மரம் நடுகிறோம் என்று காட்டுக்கு உரியதல்லாத கன்றுகளை நடுதல், இரக்கத்தினால் குரங்குக்கும் யானைக்கும் உணவளித்தல் ஆகியவை தொண்டல்ல, தீங்கு. உழவாரம் புல்லைச் செதுக்கும் கருவி. தூணைப் பெயர்க்கும் கருவியன்று.

மூன்றாவது, தண்ணீர்ப் பந்தல் வைக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாகத்துக்கு நீர் கொடுப்பது பேரறமே. ஆயினும் ஆயிரம் பிளாஸ்ரிக் போத்தல்களைக் கொடுப்பவர், ஆயிரம் பேரின் தாகத்தைத் தணிப்பதோடு ஆயிரம் வெறும் போத்தல்களையும் காட்டுக்குக் கொடுத்தவராகிறார். பெரிய தாங்கியிலே நீரை வைத்து, அடியார் தத்தம் பாத்திரத்திலே நிரப்பிக்கொள்ளச் செய்தால், அறம் முழுமை பெறும்.

நான்காவது, ஒவ்வொரு குழுவும் ஒரு சாக்கை உடன் கொண்டு செல்லட்டும். தான் கொண்டுபோனதைத் தானே மீளக் கொண்டுவருதல் கடமை; அதற்கு மேலே பிறர் விட்டதிலும் சிறிது கொண்டுவருதல் தொண்டு. சமைத்த தீயை நீரூற்றி, கைவைத்துப் பார்த்துச் சூடு தணிந்த பின்னரே இடம் பெயர்தல் வேண்டும். கச்சான் காற்றுக்கு ஒரு பொறி போதும்.

காட்டுக்குச் செல்ல வாய்ப்பில்லாத மாணவருக்கும் பணியுண்டு. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணிப்பு ஆண்டுதோறும் ஜனவரி மாதத்திலே பல நாடுகளிலும் தொண்டர்களாலேயே நடத்தப்படுகின்றது. மன்னார் வங்காலைச் சரணாலயத்திலும், யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் அம்மாதங்களில் வந்திறங்கும் பறவைகளை இனங்கண்டு எண்ணிக் குறித்து வைக்க, கூரிய கண்ணும் பொறுமையும் ஒரு கொப்பியுமே வேண்டும். ஓர் ஆண்டுக் கணக்கினால் பெரிதாய் ஒன்றும் விளங்காது. பத்தாண்டு, இருபதாண்டுக் கணக்கு ஒன்றுசேரும்போதே, எவ்வினம் குறைகின்றது, எந்நீர்நிலை கெடுகின்றது என்பது தெரியவரும். இதுவும் திரும்பத் திரும்பச் செய்யும் உழவாரமே.

குமண வனம் யுத்தத்தின் காரணமாக 1985 முதல் 2003 வரையிலும் மூடிக்கிடந்தது. மறு ஆண்டின் ஆழிப்பேரலை அதன் கரையோரத்தையும் வில்லையும் தாக்கியது. அத்தனைக்கும் பின்னர் நமக்கு மீண்டும் கிடைத்த வழி அது. யுத்தம் வழியை மூடியபோது நாம் விதியை நொந்துகொண்டோம். நம் குப்பையினால் மானும் யானையும் மடிந்து, அதன் பொருட்டு ஒரு நாள் அவ்வழி மூடப்படுமாயின் யாரை நொந்துகொள்வது?

வள்ளியம்மை காட்டிலே பிறந்து, காட்டிலே தினைப்புனங் காத்தவள். அவளை நாடி வந்த முருகனும் காட்டு வழியே நடந்தவன். அவ்விருவரையும் தேடிச் செல்லும் நம் பிள்ளைகள், அந்த ஆச்சியின் கையிலிருந்த சாக்கை இவ்வாண்டு தங்கள் கையிலே வாங்கிக்கொள்வார்களாக.